சிட்டுவுக்கு வலித்த இடம்

சாம்பியன் ரீப்ஸ்,
1903 ஜூலை 6.

பிரிய ரத்தினத்துக்கு ஜெயகரன் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் இங்கே நான் சுகம். நீயும், மார்த்தாள், மரியாள் இரண்டு பேரும், அத்தையும், உன் தங்கை பாப்பம்மாவும் சுகம் என்று உன் கையெழுத்தில் படித்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போனவள் மூன்றாம் மாதம் திரும்புவது வழக்கம். நீ ஐந்தாம் மாதம் என்றாய். இரட்டைப் பிள்ளை பெற்றவள், நாளையும் இரட்டிப்பாகக் கேட்கிறாள் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆகஸ்டு பிறந்தால் ஐந்தும் முடிகிறது. உத்தரத்தில் இரண்டு தொட்டிலுக்கும் கயிறு கட்டிவிட்டேன். அதைப் பார்க்கப் பிடிக்காமல் வாசலில் படுக்கிறேன்.

இப்போது கெட்ட சேதி. நம் குதிரை சிட்டு நொண்டுகிறாள். கோரமண்டல் ஸ்டேஷனில் ஒரு பெரிய குடும்பத்தை ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு மேடு ஏறினேன். பாதி மேட்டில் நின்றவள் நின்றவள்தான். பின்னங்கால், வலது. சுளுக்கு என்று நினைத்து, நல்லெண்ணெயில் உப்புப் போட்டுக் காய்ச்சி, நம் ஊரில் மனிதருக்குச் செய்வதுபோலக் காலை நீட்டி அழுத்தி உருவினேன். விட்டாள் ஒரு உதை. விலா எலும்பு தப்பியது, அரிக்கேன் விளக்கு தப்பவில்லை.

பக்கத்து வீட்டுத் தாயம்மா சொல்கிறாள்: "இன்னாத்துக்கு நீ கை வெச்ச? ரெட்டப் புள்ள பெத்தவ கை பட்டாத்தான் சுளுக்கு போவும். உன் பொண்டாட்டிய இட்டாந்து நீவச் சொல்லு." எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. உடனே வர முடியுமா? முடியாவிட்டால் கொஞ்சம் எண்ணெய் தொட்டுக் கொடுத்து அனுப்பு.

விளையாட்டுக்கு எழுதவில்லை, ரத்தினம். சிட்டு நடக்காவிட்டால் ஜட்கா ஓடாது. ஜட்கா ஓடாவிட்டால் நான் மறுபடியும் கேஜ் கூண்டில் ஏறித் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியதுதான். சுரங்கத்தில் இறங்குகிறவனோடு குடித்தனம் செய்யமாட்டேன் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

பிள்ளைகளுக்கு என் முத்தம். அத்தைக்கு என் தோத்திரம்.

ஜெயகரன்.


குடியாத்தம்,
1903 ஜூலை 12.

பிரியமுள்ள மாமாவுக்கு ரத்தினம் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் நல்ல சுகம். உங்கள் விலா எலும்பும் சுகம் என்று அறிந்து தோத்திரம் பண்ணினோம்.

குதிரையிடம் உதை வாங்கியதற்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். என் கை பட்ட எண்ணெய் கேட்டிருந்தீர்கள். உங்கள் கோரமண்டலில் வேலை பார்க்கிற ஏசுபாதம் லீவில் வந்திருந்தார், அவரிடம் ஒரு புட்டி கொடுத்திருக்கிறேன். வாணியன் கை பட்டது, அளந்த பாப்பம்மா கை பட்டது, கடைசியில் என் கையும் பட்டது. யார் கையால் குணமானாலும் சரி.

ஆனால் ஒன்று. இந்த இரட்டைப் பிள்ளைக் கைக்கு ஊரில் இருக்கிற மவுசு எனக்கே பயமாக இருக்கிறது. விடிந்தால் வாசலில் நாலு பேர். கழுத்துப் பிடிப்பு, கணுக்கால் பிசகு. நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருப்பதே இல்லை. நம் சபை ஐயர் இது அஞ்ஞானப் பழக்கம் என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணினார். செவ்வாய்க்கிழமை கழுத்தைத் திருப்ப முடியாமல் அவரே வந்தார். கிழக்கே பார்த்து வந்தவர் மேற்கே பார்த்துப் போனார் என்று பாப்பம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

வருகிறதைப் பற்றி: ஆடி கழியட்டும் என்கிறாள் அம்மா. ஞானஸ்நானம் வாங்கி இத்தனை வருஷமாகியும் அவளைவிட்டு ஆடி மாதம் போகவில்லை. பிள்ளைகளுக்கும் சளி. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுரங்கத்தில் மட்டும் இறங்காதீர்கள், மாமா. பசி கிடந்தாலும் மேலேயே கிடப்போம்.

வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

ரத்தினம்மா.


சாம்பியன் ரீப்ஸ்,
1903 ஜூலை 27.

பிரிய ரத்தினத்துக்கு,

நான் சுகம், சிட்டு பாதி சுகம். உங்கள் ஐந்து பேர் சுகத்துக்கும் ஜெபிக்கிறேன்.

எண்ணெய் வந்தது. பயபக்தியோடு காலில் தடவினேன். இந்தத் தடவை உதைக்கவில்லை, ஆனால் நொண்டலும் நிற்கவில்லை. ஒரு வாரம் ஓடிப்போயிற்று. சுரங்கத்தில் என் பழைய மேஸ்திரி வீடு தேடி வந்து, "ராத்திரி ஷிப்டுல ஆள் கொறைவு, வந்துடுறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அந்த நாளைக்குள்தான் மரியகுழந்தை வந்தான். மேனேஜர் துரையின் லாயத்தில் குதிரை பார்க்கிறவன். சித்தூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கன், என் வயதுதான், வாய் என்னைவிட நீளம். ஓடி வந்த குதிரையைக் கையால் தேய்த்துப் பிடித்துவிடாமல் கொள்ளு வைக்கமாட்டான். மாலீஸ் என்பான் அதை. சிட்டுவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடத்தச் சொல்லிப் பார்த்தான். "காலயே ஏன்டா புடிச்சிகினு கீற? காலு இன்னா பண்ணும்? வலி சப்பையில கீது. அங்க வலிக்கறதால கால நோவாம வெக்கிறா" என்றான்.

பின்தொடைச் சப்பையில் கை வைத்தான். இடுப்பெலும்புக்குக் கீழே புளிக்கொட்டை மாதிரி சதை இறுகிக் கிடந்தது. எல்லாம் என்னால் வந்தது, ரத்தினம். ஜட்காவில் ஏறுகிறவர்களை எல்லாம் "முன்னாடி வாங்க, பின்னாடி போங்க" என்று பாரம் சமப்படுத்துகிறேன். நான் மட்டும் எப்போதும் வண்டிக்கு முன்னால் நீளுகிற வலது கைமரத்தின்மேல் ஒருக்களித்து உட்கார்ந்து ஓட்டுகிறேன். பாவம், வாயில்லாத ஜீவன் அதையும் சேர்த்து இழுத்திருக்கிறது.

அன்றைக்கே அவன் என் கையைப் பிடித்துச் சிட்டுவின் சப்பையில் வைத்து ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் அவள் தலை தாழ்ந்தது, கீழுதடு தொங்கிற்று. பிறகு ஒரு கொட்டாவி விட்டாள் பார், வாயெல்லாம் பல். குதிரை கொட்டாவி விட்டு நான் பார்த்ததே இல்லை. "வலி இளகுது" என்றான் மரியகுழந்தை. மேஸ்திரிக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு மாதம் மாலீஸ் போட்டுப் பார்ப்பது என்று தீர்மானம். இதற்குக் கைம்மாறாக ஞாயிறுதோறும் மரியகுழந்தையின் அம்மாவைப் பூசைக்கு ஏற்றிப் போகவேண்டும், சிட்டு நடந்தபிறகு. அந்த அம்மாள் பாரம் அதிகம், அது வேறு விஷயம்.

ஆடி எப்போது கழியும்?

ஜெயகரன்.


குடியாத்தம்,
1903 ஆகஸ்டு 9.

பிரியமுள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மார்த்தாள் குப்புற விழுந்து தலையைத் தூக்குகிறாள். மரியாள் அவளைப் பார்த்து அழுகிறாள். அக்காளுக்குத் தங்கை இந்த வயதிலேயே போட்டி.

சிட்டுவின் விவரம் படித்து மனசுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் நீங்கள் அரைகுறையாக எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்தில் முதலில் கை வைக்கவேண்டும்? உள்ளங்கையா, விரலா? எவ்வளவு அழுத்தலாம்? எண்ணெய் சூடாகவா, ஆறியா? காலையில் எழுந்தவுடன் வலி அதிகமா, சாயங்காலம் அதிகமா? உட்கார்ந்து எழுந்திருக்கும்போது சுருக்கென்று பிடிக்குமா? புரண்டு படுக்க முடிகிறதா? வலிக்கிற பக்கம் படுக்க வேண்டுமா, வலிக்காத பக்கமா? நடக்கவிட வேண்டுமா, கிடத்தி வைக்க வேண்டுமா?

என்னிடம் நீவிக்கொள்ள வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் கேட்கிறேன். ஒன்றையும் விடாமல் எழுதுங்கள்.

ஆடி கழிகிறது. ஆனால் மரியாளுக்குப் பல் முளைக்கும்போல் இருக்கிறது, ஈறு தடித்திருக்கிறது, வயிற்றுப்போக்கு. ரயிலில் கொண்டுவரப் பயமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கவும். எல்லா எண்ணெயையும் குதிரைக்கே வைத்துவிட வேண்டாம்.

ரத்தினம்மா.


சாம்பியன் ரீப்ஸ்,
1903 ஆகஸ்டு 16.

பிரிய ரத்தினத்துக்கு,

நலம். நலம் அறிய ஆவல் என்று எழுதிப் பழகிவிட்டது. உண்மையில் ஆவல் உன்னைப் பார்க்கத்தான்.

உன் காகிதத்தை மரியகுழந்தைக்கு வாசித்துக் காட்டினேன். உட்கார்ந்து எழுந்திருக்கும்போது பிடிக்குமா என்ற இடத்தில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். குதிரை எங்கே ரத்தினம் உட்காருகிறது? நிற்கும், படுக்கும், அவ்வளவுதான். இரட்டைப் பிள்ளைக் கைக்காரி என்ற பேரெல்லாம் இருக்கட்டும், குதிரையைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது.

இருந்தாலும் நீ கேட்டதற்காக எழுதுகிறேன். எடுத்தவுடன் வலிக்கிற இடத்தைத் தொடக்கூடாது. முதலில் வைக்கோல் பிரியால் உடம்பு முழுக்கத் தேய்த்துச் சூடேற்றவேண்டும். அப்புறம் வலியில்லாத பக்கத்தில் ஆரம்பித்து, நடு முதுகு வழியாக மெல்ல மெல்ல வலிக்கிற சப்பைக்கு வரவேண்டும். அப்போதுதான் அவள் நம்மை நம்புவாள். எண்ணெய் வெதுவெதுப்பாக. உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, கையால் அழுத்தாமல் நம் உடம்புப் பாரத்தைச் சாய்த்து அப்படியே நிற்கவேண்டும். தேய்ப்பதைவிட நிற்பதுதான் பெரிது. அவள் மூச்சு நீளமாக வரும்போது கையை எடுக்கவேண்டும். காது பின்னால் மடிந்தால் வலிக்கிறது என்று அர்த்தம், அழுத்தத்தைக் குறைக்கவேண்டும். அவசரப்பட்டால் கெட்டது.

காலையில்தான் விறைப்பு அதிகம். அதனால் தேய்த்தபிறகு மெதுவாக நடக்கவிடுகிறேன். கிடத்தி வைத்தால் இன்னும் இறுகிவிடும் என்கிறான். வலிக்காத பக்கமாகத்தான் படுக்கிறாள்.

பலன் நன்றாகத் தெரிகிறது. கொள்ளை மீதி வைக்காமல் தின்கிறாள். கடிக்க வருவது நின்றுவிட்டது. தோல் மினுமினுக்கிறது. நான் கை கழுவிக்கொண்டு உள்ளே போனால் தலையால் இடித்து மறுபடி கூப்பிடுகிறாள். எனக்கும் இதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாள் முழுக்க இருந்த கவலை கை வழியாக இறங்கிப் போய்விடுகிறது.

இரண்டு பிள்ளைக்கும் பல் முளைத்து முடிந்து, பள்ளிக்கூடமும் போய் வந்தபிறகுதான் வருவாயா? கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

ஜெயகரன்.


சாம்பியன் ரீப்ஸ்,
1903 செப்டம்பர் 20.

ரத்தினத்துக்கு,

நான் எழுதி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பதில் இல்லை. தபால்காரரைக் கண்டால் நானே எழுந்துபோய் அவர் பையைப் பார்க்கிறேன். அவர் இப்போது எங்கள் தெருவுக்கு வேறு வழியாக வருகிறார். உனக்கும் பிள்ளைகளுக்கும் சுகம்தானே? ஒரு வரி போதும்.

சிட்டு நடந்துவிட்டாள். நடந்தது மட்டுமா, காலி வண்டியோடு ஸ்டேஷன் வரை ஓடினாள். நொண்டல் இல்லை. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் கன்னம் வலித்தது. தெருவில் எல்லாருக்கும் வெல்லம் கொடுத்தேன், சிட்டுவுக்கு இரண்டு உருண்டை. இன்னும் பாரம் மட்டாகத்தான் ஏற்றுகிறேன். கைமரத்தில் உட்காருவதில்லை, பலகைக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்காருகிறேன்.

சுரங்க பயம் போய்விட்டது. இனி நீ வருவதற்குத் தடை ஒன்றும் இல்லை என்று நான் நினைக்கிறேன். தாயம்மா வேறு மாதிரி சொல்கிறாள். "அஞ்சு மாசம், ஆறு மாசம்னு தள்ளிகினே போறான்னா, அவளுக்கு உம்மேல கோவம்யா. இன்னா பண்ண நீ?" என்கிறாள். என்ன பண்ணினேன் என்று யோசித்து யோசித்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிள்ளை பிறந்தபோது இரண்டே நாள் இருந்துவிட்டு வந்தது தப்பா? நீ பாயில் படுத்துக்கொண்டே சிரித்த முகமாகத்தானே வழியனுப்பினாய்.

கோபம் என்றால் திட்டி எழுது. உன் திட்டு எனக்குப் பழக்கம். சும்மா இருப்பதுதான் தாங்கவில்லை.

ஜெயகரன்.


குடியாத்தம்,
1903 அக்டோபர் 2.

பிரியமுள்ள மாமாவுக்கு,

பிள்ளைகள் சுகம். அம்மா சுகம். எனக்குக் கொஞ்சம் காய்ச்சல், அதனால்தான் எழுதவில்லை. இப்போது தேவலை. உங்கள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. தாயம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

சிட்டு ஓடினாள் என்று படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். அந்த இடத்தைப் பாப்பம்மாவை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன்.

ஒரே ஒரு சந்தேகம். அவள் நொண்டிக் கிடந்தபோது, இந்தக் குதிரையைத் தள்ளிவிட்டு வேறு வாங்கிக்கொள் என்று யாராவது சொன்னார்களா? சொல்லியிருப்பார்கள். நீங்கள் அவர்களுக்கு என்ன பதில் சொன்னீர்கள்? ஒருவேளை அவள் குணமாகாமலே போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

வருகிறதைப் பற்றி இப்போது ஒன்றும் எழுத முடியவில்லை. மன்னிக்கவும்.

ரத்தினம்மா.


சாம்பியன் ரீப்ஸ்,
1903 அக்டோபர் 8.

பிரிய ரத்தினத்துக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. படித்து முடித்ததும் வந்த உயிரில் பாதி போயிற்று. காய்ச்சலுக்குக் கஷாயம் குடித்தாயா?

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். சொன்னார்கள். பூதிகோட்டையிலிருந்து ஒரு தரகன் வந்தான். "நாலு வயசுக் குதிர கீது, சாமி. இத்தக் குடுத்துட்டு அத்தப் புடிச்சிக்க. நொண்டிய வெச்சிகினு இன்னா பண்ணப் போற?" என்றான். உண்மையைச் சொன்னால் நானும் ஒரு நிமிஷம் அந்தக் குதிரையின் பல்லைப் பார்த்தேன். நல்ல குதிரைதான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டவனிடம் காரணத்தையும் சொன்னேன். அவள் என் பாரத்தை இழுத்துத்தான் நொண்டியானாள். நொண்டியானபிறகு தள்ளிவிட்டால் நான் மனிதனே இல்லை. குணமாகாமல் போயிருந்தால் கட்டிவைத்துத் தீனி போட்டிருப்பேன். நான் சுரங்கத்தில் இறங்கியிருப்பேன், நீ திட்டியிருப்பாய், அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு துருவிக் கேட்கிறாய்? ஊரில் யாராவது குதிரை வாங்குகிறார்களா?

ஜெயகரன்.


சாம்பியன் ரீப்ஸ்,
1903 அக்டோபர் 9.

ரத்தினம்,

நேற்றுக் காகிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து சிட்டுவைப் பிடித்துவிட நின்றேன். சப்பையில் கை வைத்தேன். அவள் பெருமூச்சு விட்டாள். நீ கேட்டதெல்லாம் அப்போது வரிசையாக ஞாபகம் வந்தது. உட்கார்ந்து எழுந்தால் பிடிக்குமா, புரண்டு படுக்க முடியுமா, தள்ளிவிடுவீர்களா. எடுத்த கையை வைக்கத் தெரியாமல் நின்றேன். சிட்டு திரும்பிப் பார்த்தாள்.

குதிரை உட்காராது. நீதான் உட்காருகிறாய்.

நான் ஒரு மடையன். வேறு எதுவும் எழுதாதே. ஆடி, பல், சளி ஒன்றும் வேண்டாம். எந்தப் பக்கம்? அதைமட்டும் எழுது. மரியகுழந்தை சிட்டுவைப் பார்த்துக்கொள்வான். உன் பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன்.

ஜெயகரன்.


குடியாத்தம்,
1903 அக்டோபர் 13.

மாமாவுக்கு,

இடது பக்கம்.

வேறு எதுவும் எழுதாதே என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து இடுப்பு பிசகிக் கிடக்கிறது. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் எலும்பு விலகிற்று என்றாள் மருத்துவச்சி. நீங்கள் வந்த இரண்டு நாளும் பிள்ளை பெற்றவள் படுத்திருப்பதுபோலப் படுத்திருந்தேன், உங்களுக்குத் தெரியவில்லை. சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறேன். படி இறங்க முடியாது. ஊரெல்லாம் என்னிடம் சுளுக்கு எடுத்துக்கொள்ள வருகிறது, நான் உட்கார்ந்த இடத்திலேயே நீவி அனுப்புகிறேன். இரட்டை பெற்றவளே நொண்டுகிறாள் என்று தெரிந்தால் சிரிப்பார்களே என்று இருந்தேன்.

ஊரார் சிரிப்பு பெரிதில்லை, மாமா. ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாதவளை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று உங்களிடம் நாலு பேர் கேட்பார்கள். நீங்களும் ஒரு நாள் யோசிப்பீர்கள். அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அதனால்தான் மாதத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டேன்.

நீங்கள் சிட்டுவுக்கு எழுதியதை எல்லாம் பாப்பம்மா என் இடுப்புக்குச் செய்தாள். வைக்கோல் பிரியை மட்டும் விட்டுவிட்டோம். உண்மையாகவே இளகுகிறது. முதல் தடவை எனக்கும் கொட்டாவி வந்தது, இரண்டு பேரும் சிரித்தோம். செப்டம்பரில் குணமாகிவிட்டது என்று நினைத்து அவசரப்பட்டுப் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகத் தூக்கினேன், மறுபடி விழுந்துவிட்டேன். காய்ச்சல் என்று எழுதியது பொய். பாப்பம்மா கையில் பாரம் இல்லை, பூனைக்குட்டி சாய்ந்த மாதிரி இருக்கிறது.

உங்கள் எட்டாம் தேதிக் காகிதமும் ஒன்பதாம் தேதிக் காகிதமும் ஒன்றாக வந்தன. தரகனுக்கு நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு அழுதேன். மற்றதைப் படித்து இன்னும் அழுதேன்.

வாருங்கள்.

ரத்தினம்மா.


சாம்பியன் ரீப்ஸ்,
1904 ஜனவரி 18.

அன்புள்ள தங்கை பாப்பம்மாவுக்கு அக்காள் ஆசீர்வாதம்.

இங்கே நாங்கள் நாலு பேரும், சிட்டுவோடு ஐந்து பேரும், மிகவும் சுகம். அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது? குளிரில் வெளியே படுக்கவிடாதே.

நாங்கள் வந்து இரண்டு மாதமாகிறது, இப்போதுதான் சாவகாசமாக எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது, இப்போது எழுந்திருக்கவும் முடிகிறது. மாமா வந்த அன்று செருப்பைக் கழற்றின கையோடு எண்ணெய் கேட்டாரே, அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆம்பள பொம்பள இடுப்பப் புடிக்கறதா, ஊரு இன்னா சொல்லும்?" என்றாளே. "குதிரைக்குப் புடிச்சப்ப ஊரு ஒண்ணும் சொல்லலியே, அத்தே" என்று அவர் சொன்னதை நீ எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாயோ, எனக்குத் தெரியாது. நான் இங்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

இங்கேயும் முதலில் சிரித்தார்கள். சாயங்காலம் வண்டியை அவிழ்த்தால் முதல் முறை சிட்டுவுக்கு. அப்புறம் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவி வந்து எனக்கு. எனக்கு ஏன் இரண்டாவது முறை என்று ஒரு நாள் சண்டை போட்டேன். "அவ நின்னுகினு கீறா, நீ படுத்துகினு கீற. நிக்கறவளுக்குத்தான் மொதல்ல" என்றார். நியாயம்தான், ஆனாலும் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. தாயம்மா மூக்கில் விரலை வைத்துக்கொண்டு பார்த்தவள், போன வாரம் மெதுவாக வந்து, "எங்க ஊட்டுக்காரருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுக்கச் சொல்லும்மா. முதுகு போவுது" என்கிறாள். அவள் புருஷன் அன்றிலிருந்து எங்கள் வாசல் பக்கம் வருவதில்லை.

காலையில் வண்டி பூட்டுவதற்கு முன் எங்கள் இரண்டு பேரையும் நடத்துகிறார். நான் சிட்டுவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். நான் நின்றால் அவளும் நிற்பாள். சுரங்கத்துக் கழிவு மண் கொட்டிக் குவிந்த சயனைடு மேடு வரை போய்த் திரும்புவோம். மரியகுழந்தை அவர் அம்மாவோடு எதிரே வந்தால் கேலிக்குக் கேட்கவேண்டாம். பிள்ளைகள் அந்த நேரம் தாயம்மா வீட்டில் தவழ்ந்து பாத்திரத்தை உருட்டுகின்றன.

நேற்றைக்குத் திரும்பி வரும்போது சிட்டு வழியில் ஏதோ புல்லைக் கண்டு நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டு நடந்தேன். கொஞ்ச தூரம் போனபிறகுதான் எதையும் பிடிக்காமல் நடக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. இழுப்பு இல்லை, சுருக்கென்று பிடிக்கவில்லை. பயமாக இருந்தது, நின்றால் போய்விடுமோ என்று. நம் வீட்டு வாசல்வரை அப்படியே நடந்து, கதவைத் தள்ளிவிட்டுத் திரும்பினேன். மாமா சிட்டுவின் பக்கத்தில் நின்ற இடத்திலேயே நிற்கிறார். அவர் தோள் குலுங்குகிறது. நடுத்தெருவில், எல்லாரும் பார்க்க, விசும்பி விசும்பி அழுகிறார், பாப்பு.

எதிரே வந்துகொண்டிருந்த மரியகுழந்தை அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் உட்கார்த்தி வைத்தார். "குதிர நடந்தன்னிக்கு இவன் சிரிச்ச சிரிப்பு லாயத்துக்கே கேட்டுது. இன்னிக்கு இப்பிடி அழறான். இவன இன்னான்னு சொல்றது?" என்று என்னிடம் கேட்டார். குதிரைக்கு அவர் அழவில்லை என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அம்மாவிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டு.

உன் அக்காள்,
ரத்தினம்மா.